புரெவி கரையேறிய இரவு: திருகோணமலையில் காற்றை அளந்தது எது?

2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு, 10.30 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையில், புரெவி என்று பெயரிடப்பட்ட சூறாவளியின் மையம் திருகோணமலை நகருக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையைக் கடந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவின்படி கடந்த இடம் ஏறத்தாழ வட அகலக்கோடு 8.85 பாகை, கிழக்கு நெடுங்கோடு 81.0 பாகை. காற்றின் வேகம் மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் வரை. இடையிடையே வீசிய வன்காற்று 100 கிலோமீற்றரைத் தொட்டது. நவம்பர் 30ஆம் திகதி வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில் தாழமுக்கமாக உருவாகி, மறுநாள் மாலையில் சூறாவளியாக வலுப்பெற்று, அதற்கு மறுநாள் இரவே கரையேறிவிட்ட இந்தச் சூறாவளி, வலுவைக் கொண்டு மட்டும் பார்த்தால் பெரியதன்று. ஆயினும் வானிலை அறிவியல் ஏன் கருவிகளை நம்பி நிற்கிறது என்பதை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எங்கள் கரையில் எனக்குத் தென்படவில்லை. அதன் மையம் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் சென்றது என்பதும், அதனால் ஒரே மாவட்டத்தில் இருந்தவர்கள் ஒரே இரவைப் பற்றி முற்றிலும் வேறுபட்ட சாட்சியங்களைச் சொன்னார்கள் என்பதுமே காரணம்.

மறுநாட் காலை நகரில் கேட்ட பேச்சு பெரும்பாலும் ஒரே விதமானது. "இதற்குத்தானா இவ்வளவு ஆரவாரம்?" என்றார்கள். பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது, எச்சரிக்கை பொய்த்துப்போனதாகவே கதைத்தார்கள். வயதானவர்கள் 1964ஆம் ஆண்டு டிசம்பர் சூறாவளியை நினைவுகூர்ந்து, அதன் முன் இது ஒரு காற்றா என்று கேட்டார்கள். அந்தச் சூறாவளி இலங்கையின் வடபகுதியைக் கடந்துபோய்த் தனுஷ்கோடியை அழித்தது. அதைப் பார்த்தவர்கள் எதைப் பார்த்தாலும் அதனோடுதான் ஒப்பிடுவார்கள். மட்டக்களப்புப் பக்கத்தார் 1978ஐச் சொன்னார்கள். வடக்கே குச்சவெளிப் பக்கமிருந்து வந்தவர்களோ கூரைத்தகரம் பறந்த கதையைச் சொன்னார்கள். இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கூற்றுகளைக் கூட்டிப் பார்த்து அந்த இரவில் காற்று எவ்வளவு வேகமாக வீசியது, அமுக்கம் எவ்வளவு குறைந்தது, மையம் எந்த வழியாகச் சென்றது என்று ஒருவர் தீர்மானிக்க முயன்றால், அவருக்கு ஒரு கதைத்தொகுப்பு கிடைக்குமே தவிர ஒரு வரைபடம் கிடைக்காது.

அமுக்கம்: உடலுக்குத் தெரியாத ஒன்று

சூறாவளி என்பது அடிப்படையில் அமுக்கக் குறைவு. மற்ற அனைத்தும், காற்றும் மழையும் கடலின் எழுச்சியும், அந்தக் குறைவைச் சுற்றியே நிகழ்கின்றன. புரெவியின் மையத்தில் மதிப்பிடப்பட்ட அமுக்கம் 996 ஹெக்டோபாஸ்கல். எங்கள் பக்கத்தில் அக்காலத்தில் வழமையான அமுக்கம் 1010ஐ அண்டியிருக்கும் என்று கொண்டால், முழுச் சூறாவளியும் நூற்றுக்கு ஒன்றரையிலும் குறைவான ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது. கடற்கரையிலிருந்து 120 மீற்றர் உயரமான ஒரு குன்றில் ஏறும்போது நம்மைச் சுற்றியுள்ள அமுக்கம் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. ஏறியவருக்கு மூச்சு வாங்குமே தவிர அமுக்கம் குறைந்தது தெரியாது. வெயிலைத் தோல் உணரும், காற்றைக் காது கேட்கும், மழையைக் கண் பார்க்கும். ஆனால் சூறாவளியின் மூலகாரணத்தை உணர்வதற்கு மனித உடலில் நம்பத்தக்க உறுப்பு எதுவும் இல்லை. 1643இல் இத்தாலியில் டொரிசெல்லி இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் காற்றின் பாரம் கண்ணுக்குத் தெரிந்தது. பாரமானி என்று நாங்கள் பாடசாலையில் படித்த பெயர் இந்த வகையில் மிகப் பொருத்தமானது.

ஆனால் பாரமானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுபவர் திருகோணமலையில் ஒரே நாளில் ஏமாந்துபோவார். வெப்பவலயத்தில் அமுக்கம் ஒவ்வொரு நாளும், வானம் தெளிவாக இருந்தாலும், இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். மாலை நான்கு மணியளவிலும் அதிகாலை நான்கு மணியளவிலும் தாழ்வு. கடலின் வற்றுப்பெருக்கைப் போன்றதே இதுவும். ஆனால் இதை இயக்குவது முதன்மையாகச் சூரிய வெப்பம், சந்திரன் அன்று. காலை உச்சத்திற்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு வரும். புதிதாகப் பாரமானி வாங்கியவர் பிற்பகலில் முள் இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சூறாவளி வருகிறது என்று அயலவரை எழுப்பக்கூடும். மாறாக, உண்மையான தாழமுக்கம் நெருங்கும்போது, காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் ஏறவேண்டிய முள் ஏறாமல் அப்படியே நிற்கும். முள் அசையாமல் நிற்பதே அப்போது எச்சரிக்கை. அதனால்தான் அவதானிப்பாளர்கள் இன்றைய காலை 8.30 மணி அளவீட்டை நேற்றைய காலை 8.30 மணி அளவீட்டோடு ஒப்பிடுகிறார்கள். ஒரே மணிக்கு எடுத்த இரண்டு எண்களைக் கழித்தால் நாளாந்த ஏற்ற இறக்கம் நீங்கி, மிகுதியாக இருப்பது வானிலையின் மாற்றம். ஆகவே கருவியோடு ஒரு கொப்பியும் வேண்டும். கொப்பி இல்லாத பாரமானி வீட்டு அலங்காரப் பொருளாகத்தான் இருக்கும்.

உயரமும் ஏமாற்றும். கடல்மட்டத்தை அண்டி, ஏறத்தாழ எட்டரை மீற்றர் உயர்ந்தால் அமுக்கம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. திருகோணமலை சமதரையான ஊரன்று. துறைமுகத்தைச் சுற்றிக் குன்றுகள், கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலை, நகரின் நடுவே மேடுகள் என்று ஏறி இறங்கும் நிலம். நூறு மீற்றர் உயரத்தில் வைத்த கருவியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், அங்கே ஆண்டு முழுவதும் ஒரு சூறாவளி நிலைகொண்டிருப்பதாகத் தோன்றும். இதைத் தவிர்ப்பதற்காகவே ஒவ்வொரு நிலையத்தின் அளவீடும் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்ட பின்னரே வரைபடத்தில் இடப்படுகிறது. இக்காலத்தில் பல கைத்தொலைபேசிகளில் சிறு பாரமானி உள்ளது. அது மாற்றத்தைக் காட்டுவதில் வியக்கத்தக்க நுண்மை உடையது. ஆனால் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறியவருக்குக் கிடைத்த வீழ்ச்சி, வானத்தில் நடந்ததன்று.

மாரியில் வீசிய கச்சான்

காற்றைப் பொறுத்தவரை எங்கள் கடற்றொழிலாளரின் சொல்வளம் கருவிகளுக்கு இணையானது என்றே சொல்வேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற நான்கு சொற்களில் ஆண்டின் முழுச் சுழற்சியும் இருக்கிறது. மாரிகாலத்தில் வடகிழக்கிலிருந்து மழையோடு வருவது வாடை. நடு ஆண்டில் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்ந்து, தரையைச் சுட்டெரித்தபடி கடலை நோக்கி வீசுவது கச்சான்.

இப்போது புரெவியின் பாதையை இந்தச் சொற்களோடு வைத்துப் பார்க்கலாம். 1857இல் ஒல்லாந்து அறிஞர் பைஸ் பல்லோட் வெளியிட்ட விதி ஒன்று உண்டு: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழமுக்கம் இடப்பக்கமாக இருக்கும். மையம் கிழக்கே கடலில் இருந்தபோது திருகோணமலை நகரில் காற்று வடக்கிலிருந்து வந்திருக்க வேண்டும். மையம் வடக்கே நகர்ந்தபோது மேற்கிலிருந்து. அது வடமேற்கே உள்நாட்டுக்குள் சென்ற பிறகு தென்மேற்கிலிருந்து. அதாவது டிசம்பர் மாதத்தில், வாடை வீசவேண்டிய நேரத்தில், கச்சான் திசையிலிருந்து காற்று. இந்தத் திருப்பம் இரண்டு விடயங்களை விளக்குகிறது. முதலாவது, நகரக் கரையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசியதால் அலை உள்ளே தள்ளப்படவில்லை. இரண்டாவது, மேற்கு நோக்கி நகரும் சூறாவளியின் வலப்பக்கத்தில், அதாவது வடபக்கத்தில், சுழற்காற்றின் வேகத்தோடு சூறாவளியின் நகர்வு வேகமும் சேர்கிறது. இடப்பக்கத்தில் அது கழிகிறது. நகரம் இடப்பக்கத்தில் இருந்தது. "ஒன்றும் வரவில்லையே" என்ற பேச்சுக்கும் பறந்த தகரத்துக்கும் இடையே முரண்பாடு எதுவும் இல்லை. வழி 40 கிலோமீற்றர் தெற்கே விலகியிருந்தால் கதை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த விளக்கத்தைக் காற்றுத் திசைகாட்டி ஒன்றும் காற்றுவேகமானி ஒன்றும் இருந்தால் உறுதிப்படுத்தலாம். 1846இல் அயர்லாந்தில் ரொபின்சன் அமைத்த, கிண்ணங்கள் சுழலும் மானியின் வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. உலகெங்கும் அதை வைப்பதற்கான விதி ஒன்றே: திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்தில். வீட்டு முற்றத்தில், மதிலுக்கும் மாமரத்துக்கும் இடையில் சுழலும் மானி காற்றை அளப்பதில்லை. மதிலையும் மாமரத்தையும்தான் அளக்கிறது. இன்னொரு சிக்கல், எவ்வளவு நேரத்துச் சராசரி என்பது. உலக வானிலை அமைப்பின் நியமம் 10 நிமிடச் சராசரி. இந்தியத் துறை 3 நிமிடச் சராசரியையும், அமெரிக்க நிலையங்கள் 1 நிமிடச் சராசரியையும் பயன்படுத்துகின்றன. குறுகிய நேரத்துச் சராசரி எப்போதும் கூடிய எண்ணைத் தரும். ஆகவே ஒரே சூறாவளிக்கு இரண்டு இணையத்தளங்களில் இரண்டு வேகங்கள் இருப்பதைக் கண்டு, யாரோ ஒருவர் பிழை விட்டார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

யாரும் நேரில் அளக்காத 85 கிலோமீற்றர்

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விடயத்துக்கு இப்போது வருகிறேன். கடலின் நடுவே புரெவி இருந்தபோது அதன் வேகம் மணிக்கு 85 கிலோமீற்றர் என்று அறிக்கைகள் கூறின. அந்த இடத்தில் மானி எதுவும் சுழலவில்லை. பிறகு அந்த எண் எங்கிருந்து வந்தது?

கிழக்கு நெடுங்கோடு 82 பாகைக்கு நேர் மேலே, நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், இன்சாட் 3டி என்ற இந்தியச் செய்மதி நின்றது. திருகோணமலையின் நெடுங்கோடு 81.2. கிட்டத்தட்ட எங்கள் நெடுங்கோட்டின் மேலேயே நின்ற அந்தக் கண், முகில்களின் வடிவத்தையும் அவற்றின் உச்சியின் வெப்பநிலையையும் பகலும் இரவும் படம்பிடித்தது. 1970களில் வெர்னன் டுவொராக் என்ற அமெரிக்கர் வகுத்த முறை ஒன்றின்படி, முகிற்பட்டை மையத்தை எவ்வளவு சுற்றி வளைந்திருக்கிறது என்பதைப் பார்த்து அதற்கு ஓர் எண் தரப்படுகிறது. அந்த எண் 3 என்றால் காற்று 45 நொட், அதாவது மணிக்கு 83 கிலோமீற்றர். கிட்டத்தட்ட 85 என்று முழுமைப்படுத்தப்படும். முகிலின் வடிவத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் இந்தத் தொடர்பு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், வேறு சமுத்திரங்களில் விமானங்கள் சூறாவளிக்குள் பறந்து சென்று அமுக்கத்தையும் காற்றையும் நேரடியாக அளந்ததால் தெரிந்தது. வங்காள விரிகுடாவில் அவ்வாறான வழமையான பறப்புகள் இல்லை. ஆகவே எங்கள் சூறாவளிக்குத் தரப்படும் எண், வேறு யாரோ வேறு கடலில் அளந்த அளவின் மேல் நிற்கும் ஒரு மதிப்பீடு.

இதைச் சிலர் குறைபாடாகக் கருதலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கருவி என்பது எண்ணைத் தரும் பெட்டி மட்டுமன்று. இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட ஒரு சங்கிலியின் கண்ணி. அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி நேரடி அளவீடு, எது ஊகம் என்பதை அறிந்திருப்பதுதான் முக்கியம். காரைக்காலில் உள்ள டொப்ளர் ரேடாரையே எடுத்துக்கொள்வோம். எங்கள் கரை அதிலிருந்து 250 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது; அரைப் பாகைச் சாய்வில் புறப்படும் கதிர் 250 கிலோமீற்றர் தூரத்தை அடையும்போது, பூமியின் வளைவினால், தரையிலிருந்து கிட்டத்தட்ட 6 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். மழைமுகிலின் நடுப்பகுதியை அது பார்க்கும்; குச்சவெளிக் கூரையின் மேல் வீசிய காற்றை அதனால் பார்க்க இயலாது. அந்த இடைவெளியை நிரப்புவது தரையில் நடப்பட்ட கம்பமும் அதன் உச்சியில் சுழலும் கிண்ணங்களுமே.

மழையை அளந்த எளிய உருளை

கருவிகளில் மிக எளியது மழைமானி. அதனால்தான் அதை மிக இலகுவாகக் கெடுக்கலாம். நான் ஒரு மாரியில் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மானியை வைத்து, அயலில் உள்ள எவருடைய அளவையும் விடக் கூடிய மழையைத் தொடர்ச்சியாகப் பதிந்து மகிழ்ந்திருந்தேன். கூரைத் தாவாரத்திலிருந்து தெறித்த நீரும் அதற்குள் சேர்ந்தது என்பதை, ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு பக்கத்தில் நின்றபோதுதான் கண்டேன். அந்த மாதத்துப் பக்கங்கள் எதற்கும் உதவாமற் போயின. தடைகளிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தூரத்தில் மானி இருக்கவேண்டும் என்ற விதி அதன் பிறகே எனக்கு உறைத்தது. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். நாடெங்கும் காலை 8.30க்கு அளக்கப்படும் இந்த எண்ணை வைத்துத்தான் குளத்தின் வான்கதவு திறப்பது முதல் விதைப்பு வரை தீர்மானிக்கப்படுகிறது.

புரெவியின் பெரிய பாடம் மழையில்தான் இருந்தது. டிசம்பர் 3ஆம் திகதி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிய அது, வலுவிழந்து ஆழ்ந்த தாழமுக்கமாகி, இராமநாதபுரம் கரைக்கு அருகே அசையாமல் நின்றுவிட்டது. காற்றை மட்டும் பார்த்தவர்கள் கதை முடிந்தது என்று எண்ணினார்கள். ஆனால் டிசம்பர் 4ஆம் திகதி காலை, மையத்திலிருந்து வெகுதூரம் வடக்கே, கொள்ளிடத்தில் மானியைத் திறந்தவர்கள் 36 சென்ரிமீற்றர் மழையையும் சிதம்பரத்தில் 34 சென்ரிமீற்றர் மழையையும் கண்டார்கள். தில்லைக் கோயிலுக்குள் வெள்ளம் நின்றது. "சூறாவளி" என்ற தரம் காற்றின் வேகத்தால் தரப்படுவது. அந்தத் தரம் இறங்கிய பிறகே மிகப் பெரிய மழை பெய்தது. பெயரைக் கேட்டுப் பயப்படவும் பெயர் இறங்கியதும் ஆறுதலடையவும் பழகிய நமக்கு, அந்த உருளைக்குள் நின்ற நீர் வேறு கதை சொல்லியது.

நேரம் என்ற கருவி

வெப்பமானியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் படாத, காற்றோட்டமுள்ள, வெண்ணிறம் பூசிய ஸ்டீவன்சன் பெட்டிக்குள் அது இருக்கவேண்டும் என்பதை உயர்தரப் புவியியல் மாணவர் அனைவரும் அறிவர். அதிகம் பேசப்படாத கருவி கடிகாரம். திருகோணமலை அவதானிப்பு நிலையத்துக்கு உலக வலையமைப்பில் 43418 என்ற எண் உண்டு. உலகப் பொது நேரம் 0, 6, 12, 18 மணிகளில், அதாவது இங்கே காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணிகளில், உலகின் எல்லா மூலைகளிலும் ஒரே கணத்தில் எடுக்கப்படும் அளவீடுகள் ஒன்றாகத் திரட்டப்படுகின்றன. கணினி மாதிரிகள் இந்த எண்களைத் தொடக்கமாகக் கொண்டே அடுத்த நாட்களின் வானத்தைக் கணிக்கின்றன. புரெவி கரையேறி முடிந்த வேளையும் இந்த 11.30 மணி அவதானிப்பும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தன. புயற்காற்றில் கதவைத் திறந்துகொண்டு போய் மானியைப் பார்த்து எழுதுவது என்பது, பகலில் வாசிக்கும்போது தோன்றுவதைப் போல் இலகுவான கடமையன்று.

சில நாட்கள் கழித்து நிலாவெளியில் ஒரு முதிய கடற்றொழிலாளரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். பைஸ் பல்லோட்டின் விதி என் மனதில் இருந்தது. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மட்டும் கேட்டேன்.

"முதல்ல வாடை மாதிரித்தான் சேர் இருந்தது. பிறகு கரைப்பக்கமாத் திரும்பிட்டுது. மாரியில கச்சான் அடிச்ச மாதிரி. நான் இப்பிடிக் கண்டதில்ல."

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. திரும்பிய நேரம் மட்டும் தெரிந்தால், நிலையத்தின் பதிவோடு வைத்து மையம் எப்போது அவருக்கு நேர் வடக்கே இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். எத்தனை மணிக்குத் திரும்பியது என்று கேட்டேன். அவர் சற்று நேரம் கடலைப் பார்த்தார்.

"கரண்ட் போனதுக்குப் பிறகு," என்றார்.